மாமாவின் தலையில் எட்டு மில்லிமீற்றர்

என் மாமாவின் மண்டையோட்டில் உள்ளங்கை அளவு எலும்பு ஐந்து மாதமாக அவருடைய வயிற்றுத் தோலுக்கு அடியில் இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் அவரே சட்டையைத் தூக்கிக் காட்டுவார். "தலையில் பாதி இங்கே இருக்கிறது. அதுதான் யோசனையெல்லாம் சோற்றைப் பற்றியே போகிறது" என்பார். மாமி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நடந்தது இதுதான். திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் தோணியை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, நுனியில் இருந்த இரும்புக் கொளுக்கி வலக் காதுக்கு மேலே அடித்தது. குருதி கட்டி மூளை வீங்கியது. வேறு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் வீக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காக அந்தப் பக்கத்து எலும்பைக் கழற்றினார்கள். அப்படிக் கழற்றிய எலும்பைக் குளிரூட்டியில் வைப்பதும் உண்டு, நோயாளியின் வயிற்றில் சிறு பைபோல் வெட்டி அதற்குள் வைத்துத் தைப்பதும் உண்டு. மாமாவுக்கு இரண்டாவது. வீடு திரும்பியபோது பேச்சு பழுதில்லை, நினைவு பழுதில்லை, நையாண்டி கொஞ்சம் கூடியிருந்தது. இடக்கால் இழுத்தது. இடக்கை மடியில் கிடந்தது.

தலையின் வலப்பக்கம் அவர் படுத்தால் நிரம்பும். எழுந்து உட்கார்ந்தால் மெல்லக் குழியும். இருமினால் ஒரு கணம் புடைத்துத் தணியும். தோலுக்குக் கீழே எலும்பே இல்லாமல் மூளை இருக்கிறது என்பதை அறிந்துகொண்டு அதைப் பார்ப்பது வேறு விதமான பார்வை. முதல் வாரம் என்னால் அவருடைய வலப்பக்கம் உட்கார முடியவில்லை.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். மருத்துவன் அல்லன். என்னிடம் படித்த ஒருவன் வெளிநாட்டில் மருத்துவக் கருவிகள் பற்றி ஆய்வு செய்கிறான். விடுமுறையில் வந்தபோது தலையில் கட்டி மூளையின் குருதியோட்டத்தை அளக்கும் பட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மடிக்கணினியோடு சேர்த்து ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். மாமி அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அவர் இடக்கையை அசைக்க நினைக்கும்போது உள்ளே அது கேட்கிறதா என்று இதில் தெரியுமா, தம்பி?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத் துரத்திப்போன மூன்று மாலைப் பொழுதுகளைப் பற்றியது. நாங்கள் விட்ட பிழைதான் இதில் முக்கியமான பகுதி.

தொடங்குமுன் கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டோம். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். எலும்பு இல்லாத பக்கத்தில் எதுவும் படக்கூடாது, துணிகூட இறுகக்கூடாது. அடுத்தது, கருவியில் எதைக் கண்டாலும் வீட்டாரிடம் நல்ல செய்தியாகவோ கெட்ட செய்தியாகவோ சொல்லக்கூடாது. முதல் நிபந்தனையைக் கடைசிவரை காப்பாற்றினோம். இரண்டாவதை முதல் மாலையே மீறினோம்.

பட்டிக்குள் என்ன இருக்கிறது

இரவில் உள்ளங்கைக்குள் டோர்ச் லைட்டை அமுக்கிப் பிடித்தால் விரலிடுக்குகள் சிவந்து தெரியும். நீலமும் பச்சையும் சதையில் உறிஞ்சப்பட்டுவிட, சிவப்பு மட்டும் சிதறிச் சிதறி வெளியே வருகிறது. சிவப்பைத் தாண்டிய, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர் இன்னும் ஆழம் போகும். தோல், எலும்பு எல்லாம் கடந்து மூளையின் மேற்பரப்பைத் தொட்டுத் திரும்பும். 1977ஆம் ஆண்டில் பிரான்ஸ் யோப்சிஸ் என்பவர் இந்த வழியாக மூளையில் ஒட்சிசனின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம் என்று காட்டினார். ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபினும் இறக்கிய ஈமோகுளோபினும் ஒரே நிறம் அல்ல. 760 நானோமீற்றர் அலைநீளத்துக்கு அண்மையில் இறக்கியது கூடுதலாக உறிஞ்சும், 850க்கு அண்மையில் ஏற்றியது. இரண்டு அலைநீளங்களையும் மாறி மாறி அனுப்பினால் எது எவ்வளவு கூடியது, எது குறைந்தது என்று கணக்கிடலாம். விரலில் கவ்வும் ஒட்சிசன் மானியின் தத்துவமும் இதற்கு உறவுதான்.

மூளையின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கினால் ஐந்தாறு விநாடிகளில் அங்கே புதுக்குருதி தேவைக்கு மேலேயே பாய்கிறது. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் கூடும், இறக்கியது குறையும். திரையில் ஏற்றியது சிவப்புக் கோடு, இறக்கியது நீலக் கோடு. இரண்டு கோடுகளும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். அதாவது கருவி காண்பது குருதியை. எண்ணத்தை அல்ல. விளம்பரங்களில் இந்தப் பட்டிகளை மாட்டிக்கொண்டு சிரிக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வரும் எரிச்சலுக்குக் காரணம் இந்த வேறுபாட்டை அவர்கள் விழுங்கிவிடுவதுதான்.

ஒளியை அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் இடையே மூன்று சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒளி வாழைப்பழம்போல் வளைந்து ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றர் ஆழம்வரை போய் வரும். எங்கள் பட்டியில் இப்படி எட்டுச் சோடி.

முதல் மாலை

பாதி நேரம் மயிரோடு போராடினோம். கருமயிர் ஒளியைத் தின்றுவிடும். சத்திரசிகிச்சைக்கு மழித்த தலையில் மயிர் ஒரு விரல் அளவு வளர்ந்திருந்தது. அதில் மாமி காலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் வேறு. ஒவ்வொரு முனைக்கும் அடியில் மயிரை விலக்க என் மாணவன் ஒரு பிளாஸ்டிக் குச்சி வைத்திருந்தான். சரிவரவில்லை. மாமி தன் கொண்டை ஊசியை எடுத்து, பேன் பார்க்கிற லாவகத்தோடு எட்டு இடத்திலும் வகிடு பிரித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் திரையில் நாடித்துடிப்பு தெரிந்தது. நாடித்துடிப்பு தெரியாத சோடியை நம்பக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

அடுத்தது தோல். முப்பது வருடம் கடல் வெயிலில் காய்ந்த நெற்றி. தோலுக்குக் கருமை தரும் மெலனின் ஒளியை உறிஞ்சுவதால் கருவியின் உணர்திறனை எங்கள் தலைகளுக்கு வைத்ததைவிட உயர்த்த வேண்டியிருந்தது. இது சின்ன விடயம் அல்ல. விரல் ஒட்சிசன் மானி கறுப்பு நோயாளர்களில் ஒட்சிசன் குறைவைத் தவறவிடுவது வெள்ளையர்களில் தவறவிடுவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். எந்தத் தோலை வைத்து ஒரு கருவியைச் சரிபார்த்தார்கள் என்று கேட்காமல் நம் ஊரில் அதை வாங்கி வைப்பது வீண்வேலை.

கடைசியாக வெயில். மேற்கு யன்னலால் விழுந்த ஐந்து மணி வெயிலே பட்டியைக் குருடாக்கிவிட்டது. பழைய குடையின் கறுப்புத் துணியைக் கிழித்து இடப்பக்கத்தை மட்டும் மூடினோம்.

பரிசோதனை எளிது. இருபது விநாடி கையால் வலை மிதவை ஒன்றை அமுக்குவது, இருபது விநாடி ஓய்வு. முதலில் நல்ல வலக்கை, பிறகு இடக்கை. வலக்கையை இயக்குவது இடப்பக்க மூளை. அதற்கு மேலே எலும்பு இருக்கிறது, பட்டியைக் கட்டலாம். இடக்கையை இயக்குவது வலப்பக்க மூளை. அதாவது மாமி கேட்ட கேள்விக்கு நேரடி விடை எங்கள் கை படக்கூடாத குழிக்குக் கீழே இருந்தது. எங்களுக்கு மிச்சமிருந்த நப்பாசை ஒன்றுதான்: ஒரு பக்கம் அடிபட்டால் சிலருக்கு மற்றப் பக்க மூளையும் பலவீனமான கைக்காக உழைக்கத் தொடங்குகிறது. அது நல்லதா கெட்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அப்படி நடக்கிறதா என்று இடப்பக்கத்தில் பார்க்கலாம்.

பார்த்தோம். மாமா இடக்கையில் மிதவையை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். விரல் அசையவில்லை. திரையில் சிவப்புக் கோடு ஏறியது. ஓய்வு என்றதும் இறங்கியது. மறுபடி ஏறியது. பன்னிரண்டு முறையும் ஏறி இறங்கியது. வலக்கைக்கு வந்ததைவிடப் பெரிதாக!

"சேர், மற்றப் பக்கம் பொறுப்பெடுக்கிறது" என்றான் மாணவன். மெல்லத்தான் சொன்னான். ஆனால் அறை சிறியது. மாமி அந்த இடத்திலேயே பத்திரகாளி அம்மனுக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்துவிட்டார். நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கும் கண் கலங்கியிருந்தது.

இரண்டாம் மாலை

அன்றிரவு மாணவனுக்கு நித்திரை வரவில்லை. காலையில் தொலைபேசியில் சொன்னான்: "நீலக் கோட்டை நாங்கள் பார்க்கவே இல்லை, சேர்."

சிவப்பு ஏறும்போது நீலம் இறங்க வேண்டும். பதிவைத் திறந்து பார்த்தால் பல சோடிகளில் நீலமும் சேர்ந்து ஏறியிருந்தது. குளத்துக்குள் ஒரு மீன் துள்ளினால் அந்த இடத்தில் மட்டும் வளையம் வரும். குளமே உயர்ந்தால் எங்கோ மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பட்டியில் இன்னொரு வகை முனையும் உண்டு. அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் எட்டு மில்லிமீற்றர்தான் இடைவெளி. அவ்வளவு நெருக்கத்தில் ஒளி தோலைத் தாண்டி ஆழம் போகாது. மூளையைக் காணவே காணாது. முதல் மாலை நேரம் போய்விட்டது, மயிர் படுத்திய பாடு போதும் என்று அந்த முனையை மாட்டாமல் விட்டிருந்தோம். இரண்டாம் மாலை மாட்டினோம். மாமா இடக்கையால் முயன்றார். மூளையைக் காணவே முடியாத அந்த முனையிலும் அதே மலை ஏறியது, அதே நேரத்தில், அதே வடிவத்தில்.

நான் திரையை விட்டுவிட்டு மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் கண்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, நெற்றி வியர்த்து, கரைவலை இழுக்கிற மனிதனாக இருந்தார். முக்கும்போது தலைத் தோலின் நாளங்களில் குருதி தேங்குகிறது. மூச்சை அடக்கினால் காபனீரொட்சைட்டு கூடி மூளையின் நாளங்களும் பொதுவாக விரிகின்றன. முதல் மாலை நாங்கள் கண்டு கலங்கியது அதைத்தான். வலக்கைக்கு அவர் முக்க வேண்டியிருக்கவில்லை; அதனால்தான் அந்த மலை சிறிதாக இருந்தது.

எட்டு மில்லிமீற்றரில் கண்டதை மூன்று சென்ரிமீற்றரில் கண்டதிலிருந்து கழித்தபோது இடக்கைக்கு மிஞ்சியது கோடு அல்ல, நடுக்கம். வலக்கைக்கு ஒரு சிறு மேடு மிஞ்சியது. சிவப்பு மேலே, நீலம் கீழே. அது உண்மையானது.

மாமியிடம் நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. "அம்மனிடம் நேர்ந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். தோல் இரத்தமா மூளை இரத்தமா என்று சொல்லவில்லை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு தேங்காயும் உடைந்தன.

ஒலியைப் பற்றி

இரண்டாம் மாலை வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது மாமா கேட்டார், "வெளிச்சம் தோலில் சிக்குகிறதென்றால் சத்தத்தை அனுப்பக்கூடாதா? என்னுடைய தோணியில் மீன் பார்க்கிற கருவி சத்தத்தில்தானே ஓடுகிறது?"

கடலில் ஒலி விநாடிக்கு 1500 மீற்றர் அளவில் போகும். உடம்பின் மென்மையான இழையங்களுக்கு வைத்தியசாலைக் கருவிகள் எடுத்துக்கொள்ளும் வேகம் 1540. ஒலியைப் பொறுத்தவரை உடம்பு கடல்தான். மாமாவுக்கு இதைச் சொன்னதும் நாங்கள் இரண்டு நாளாகச் சொன்ன எதையும்விட வேகமாகப் புரிந்தது.

ஒளியின் குறை, சிதறல். மூளைக்குள் ஒரு மில்லிமீற்றர் அளவு போவதற்குள் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதையே மறந்துவிடும். அதனால்தான் எங்கள் பட்டி இரண்டு சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் ஏதோ நடந்தது என்று சொல்லுமே தவிர, எந்த மடிப்பில் என்று சொல்லாது. ஒலி அப்படிச் சிதறாது. ஆனால் ஒலிக்கு நிறம் தெரியாது. ஒட்சிசன் ஏறிய குருதியா இறங்கிய குருதியா என்று அதனால் பிரிக்க முடியாது. இரண்டையும் சேர்த்தால்? ஒளியை உள்ளே அனுப்பி ஒலியாகத் திரும்ப வாங்கினால்?

இந்த யோசனையின் வேர் 1880ஆம் ஆண்டில் இருக்கிறது. தொலைபேசி தந்த கிரகாம் பெல், விட்டு விட்டு விழும் சூரிய ஒளி படும்போது மெல்லிய தகடு ஒலி எழுப்புவதைக் கண்டார். ஒளியை உறிஞ்சிய பொருள் சூடாகி விரிகிறது, விரிவு அழுத்த அலையாகிறது. இன்று லேசர் ஒளியை ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீளும் துடிப்புகளாகத் தலைக்குள் அனுப்புகிறார்கள். ஈமோகுளோபின் அதை உறிஞ்சி ஒரு பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு சூடாகிறது. அவ்வளவு போதும், அதற்கே ஏறத்தாழ 800 பஸ்கால் அழுத்தம் எழும். குருதி நாளமே சிறு ஒலிபெருக்கியாகி, காதுக்கு எட்டாத உயர் ஒலியான கழியொலியில் ஒருமுறை முனகுகிறது. மூன்று சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து அந்த முனகல் தோலுக்கு வர இருபது மைக்குரோ விநாடி எடுக்கும். வந்த நேரத்தை வைத்து இடத்தைச் சொல்லலாம், ஒளியின் அலைநீளத்தை மாற்றி நிறத்தைச் சொல்லலாம். எங்களை ஏமாற்றிய தோல் குருதியின் ஒலி முந்தி வந்துவிடும், மூளையினது பிந்தி வரும். இரண்டும் கலக்காது.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதைப் பயன்படுத்தவில்லை? எலும்பு. வளர்ந்தவர் மண்டையோடு கழியொலியை, அதிலும் உயர் மீடிறனை (அதிர்வெண்ணை), விழுங்கிவிடுகிறது. மிஞ்சி வருவதையும் எலும்பின் வேகமும் வளைவும் கோணலாக்குகின்றன. பச்சைக் குழந்தைக்கு உச்சிக்குழி திறந்திருப்பதால் அதன் வழியே கழியொலி மட்டும் வைத்தே மூளையின் குருதியோட்ட மாற்றங்களைப் பார்க்கலாம். பாரிசில் ஒரு குழு 2017ஆம் ஆண்டில் அதைக் காட்டியது. நம் பாட்டிமார் எண்ணெய் வைத்த அதே இடம். வளர்ந்தவருக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது.

கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில் லிஹொங் வாங் குழுவினர் 2021ஆம் ஆண்டில் மனித மூளையின் இயக்கத்தை இந்த ஒளி-ஒலி முறையில் படமெடுத்தார்கள். 1024 ஒலியுணரிகள் தலையைச் சூழ்ந்திருந்தன. விரலைத் தட்டச் சொல்லி, உதட்டை அசைக்கச் சொல்லி எடுத்த படங்களை மிக வலுவான காந்தம் கொண்ட 7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. படங்களோடு ஒப்பிட்டார்கள். யாருடைய தலைகள்? அடிபட்டு, ஒரு பக்க மண்டையோடு எடுக்கப்பட்டவர்களுடைய தலைகள்.

மாணவன் இதைச் சொல்லிவிட்டு மாமாவின் வலப்பக்கத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். உலகத்திலேயே இந்த முறைக்கு மிகவும் பொருத்தமான சன்னல் திருக்கடலூரில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் வழியே பார்க்கும் கருவியோ பள்ளிக்கூடப் பைக்குள் அடங்காது. லேசரும் உணரிகளும் அவற்றின் மின்னணுப் பெட்டிகளும் சேர்ந்து ஓர் அறை. சிறியதாக்கும் வேலை நடக்கிறது. லேசருக்குப் பதில் சின்ன ஒளி டயோட்டுகளை அடுக்கிய கருவிகள் வந்திருக்கின்றன. ஒளி வலு குறைவு, ஆழமும் குறைவு.

"அப்படியானால் எலும்பைத் திரும்ப வைக்க வேண்டாம் என்கிறீர்களா?" என்று மாமா கேட்டார்.

மூன்றாம் மாலை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓய்வு நேரத்தைப் பதினைந்திலிருந்து இருபத்தைந்து விநாடிவரை தாறுமாறாக மாற்றினோம். குருதி அழுத்தத்துக்கு இயல்பாகவே பத்து விநாடிக்கு ஒருமுறை எழுந்து விழும் ஓர் அலை உண்டு. எங்கள் இருபதுக்கு இருபது கணக்கு அதன் தாளத்தோடு சேர்ந்து போலி மலை காட்டக்கூடும். எட்டு மில்லிமீற்றர் முனை தொடக்கத்திலிருந்தே பொருத்தப்பட்டிருந்தது. மூச்சை மெல்ல விட்டபடி முயலுமாறு மாமாவைக் கேட்டோம். "மூச்சைப் பிடிக்காமல் எவன் வலை இழுப்பான்?" என்று முணுமுணுத்தாலும் செய்தார்.

வலக்கை: சிறிய, நேர்மையான மேடு. இடக்கை: இடப்பக்க மூளையில் பிரித்தறியக்கூடிய மாற்றம் எதுவும் இல்லை.

இந்த "இல்லை"யையும் அளந்துதான் எடுக்க வேண்டும். எட்டுச் சோடி, பன்னிரண்டு முறை, இரண்டு சென்ரிமீற்றர் ஆழம், ஒரே பக்கம். வலப்பக்க மூளை இடக்கையைக் கேட்கிறதா என்ற மாமியின் கேள்வியை நாங்கள் தொடவே இல்லை. அதை நான் அவரிடம் அப்படியே சொன்னேன். நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. வைத்தியர் முதல் நாளே கேட்டதும் அதுதான்.

ஒன்றைக் குறித்துவைக்க விரும்புகிறேன். திருகோணமலையிலிருந்து, பெரிய வைத்தியசாலை உள்ள கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். தலையில் அடிபட்டவரை எப்போது, எவ்வளவு அவசரமாக அனுப்புவது என்பது இங்கே வாழ்வா சாவா என்ற கேள்வி. இதே ஒளியில் இயங்கும், கையில் பிடிக்கக்கூடிய கருவி ஒன்று இருக்கிறது. 808 நானோமீற்றர் ஒளியால் தலையின் இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டு, மண்டையோட்டுக்குள் குருதி கட்டியிருக்கிறதா என்று சொல்லும். 3.5 மில்லிலீற்றருக்கு மேல், மூளை மேற்பரப்பிலிருந்து இரண்டரை சென்ரிமீற்றருக்குள் இருந்தால்தான் காணும். ஆழத்தில் இருப்பதைக் காணாது. இரு பக்கமும் சமமாகக் கட்டினால் ஏமாறும். சி.டி. ஸ்கானுக்கு மாற்று அல்ல. ஆனால் எண்ணத்தைப் படிப்பதாக விளம்பரம் செய்யும் பட்டியையும் இதையும் காட்டி எதற்குப் பணம் செலவழிப்பாய் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். மாமாவுக்குக் கொளுக்கி அடித்த அன்று அவர் கரையில் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, வெற்றிலை கேட்டவர்.

இப்போது எலும்பு வயிற்றிலிருந்து தலைக்குத் திரும்பிவிட்டது. வயிற்றுத் தழும்பு அரிக்கிறதாம். தலை உருண்டையாக இருக்கிறது, மயிரும் மூடிவிட்டது. கடற்கரைப் பையன்களுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதில் அவருக்குச் சின்னக் குறை. தினமும் காலையில் உடற்பயிற்சி செய்கிறார். இடப் பெருவிரல் கொஞ்சம் மடிகிறது.

மாணவன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வலப்பக்கத்திலும் அளக்கலாமா என்று எழுதிக் கேட்டிருந்தான். வைத்தியர் சரி என்றால் எனக்குச் சம்மதம். கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"வரட்டும். ஆனால் அந்த எட்டு மில்லிமீற்றரை முதல் நாளே மாட்டச் சொல்லு, மருமகன். தேங்காய் விலை தெரியுமா?"